எம்ஆர்டி டெஸ்ட்: வார்டு வராண்டாவில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏஎல்எல் என்கிற வகை. குழந்தைகளுக்கு அதிகமாக வருவது இதுதான். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சிகிச்சை நடந்த காலத்திலும், அப்புறம் செக்கப்புக்குப் போகும் நாட்களிலும், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டதையும் யாரோ நம்பர் கொடுத்து போனில் கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டுவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் இதில் கிடையாது. சிகிச்சைக்குப் பிறகும் ஒளிந்திருக்கும் புற்றுச்செல்களை எண்ணும் எம்ஆர்டி என்ற ஒரு டெஸ்ட்டைச் சரியான நாளில் சரியாக எடுத்துக்கொள்வது எப்படி என்பது மட்டும்தான்.

ரெமிஷன் வந்துருச்சுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்?

ரெமிஷன் என்று சொல்வது மைக்ராஸ்கோப்பில் பார்த்து. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போய், ரத்த எண்ணிக்கையும் தேறியிருந்தால் ரெமிஷன். ஆனால் நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றுச்செல்கள் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் சுத்தமாகத் தெரியும் நாளிலும் அதில் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம். அந்த மிச்சத்தை எண்ணிப் பார்ப்பதுதான் எம்ஆர்டி.

அரிசியில் கல் பொறுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவில் சுமார் ஐம்பதாயிரம் மணி இருக்கும். ரிப்போர்ட்டில் வரும் 0.01% என்ற எண் பத்தாயிரத்துக்கு ஒன்று, அதாவது அந்த ஒரு கிலோவில் ஐந்தே கல். முறத்தில் போட்டுப் புடைத்தால் கண்ணுக்குப் படாது. சாப்பிடும்போதுதான் பல்லில் படும்.

எல்லா பிளட் கேன்சருக்கும் இதே டெஸ்ட்தானா?

இல்லை. பெயர் ஒன்று, வழி வேறு வேறு. ஏஎல்எல்லுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் ஃப்ளோ சைட்டோமெட்ரி. மஜ்ஜையை எடுத்து, செல்களின் மேலுள்ள அடையாளங்களுக்கு நிறம் ஏற்றி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணுவார்கள். ஏஎம்எல் என்ற இன்னொரு வேகமான ரத்தப் புற்றுநோயில் ஃப்ளோவும் உண்டு. என்பிஎம்1 போன்ற மரபணு மாற்றம் இருந்தால் அதைத் துரத்தும் பிசிஆர் டெஸ்ட்டும் உண்டு. மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் வரும் மைலோமாவில் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு வரை பார்க்க முயல்வார்கள்.

சிஎம்எல் என்ற, மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த வார்த்தையே பழக்கம் இருக்காது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர்-ஏபிஎல் என்று ரத்தம் கொடுக்கிறார்களே, அதுவும் மிச்சத்தை எண்ணுவதுதான். (தமிழில் எழுதினால் அந்த மரபணுவின் பெயரும் பிசிஆர், டெஸ்ட் முறையின் பெயரும் பிசிஆர். நான் ஒரு வருடம் குழம்பியிருக்கிறேன்.) அவர்களுக்கு மஜ்ஜை வேண்டாம், கை நரம்பு ரத்தம் போதும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் ஏஎல்எல் பற்றியது. மற்றவர்களுக்குப் பொருந்தாத இடத்தில் சொல்கிறேன்.

எந்தெந்த நாள்ல எடுப்பாங்க?

முக்கியமானது, கீமோவின் முதல் கட்டமான இன்டக்‌ஷன் முடியும் நாள். மருத்துவமனை பின்பற்றும் சிகிச்சைத் திட்டமான ப்ரோட்டோகாலைப் பொறுத்து 29-ஆம் நாள், 33-ஆம் நாள் என்று மாறும். சில ப்ரோட்டோகாலில் 15-ஆம் நாளும் பார்ப்பார்கள்; இன்டக்‌ஷன் முடிவில் மிச்சம் இருந்தால் 12-ஆம் வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். இந்தியாவில் பல பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து உருவாக்கிய ஐசிக்கிள் என்ற ப்ரோட்டோகாலிலும் இன்டக்‌ஷன் முடிவில் வரும் 0.01% என்ற கோட்டை வைத்துத்தான் குழந்தையை எந்த ஆபத்துப் பிரிவில் வைப்பது என்று மறுபடி தீர்மானிக்கிறார்கள்.

இந்த டெஸ்ட் கிடைக்காமல் போவதற்குப் பணம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்ததில் பாதிப் பேர் கோட்டைவிட்டது தேதியில். பணம் பத்து நாள் கழித்துக்கூடப் புரட்டலாம், 29-ஆம் நாள் திரும்பி வராது. அதனால் அட்மிட் ஆன முதல் வாரமே "எம்ஆர்டி எந்தத் தேதியில், எந்த லேபில்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே எடுக்கலாமா, இல்ல சென்னை, வேலூர்னு போகணுமா?

எடுப்பது வேறு, பார்ப்பது வேறு. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதை ரத்தநோய் அல்லது புற்றுநோய் டாக்டர் இருக்கும் எந்த ஊரிலும் செய்யலாம். அதைப் பார்ப்பதற்கு எட்டு நிறம், பத்து நிறம் பார்க்கும் ஃப்ளோ மெஷினும், அதைவிட முக்கியமாக இதிலேயே ஊறிய ஆளும் வேண்டும். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய இடங்களுக்குக் குழந்தையோடு போவது ஒரு வழி. பெரிய தனியார் லேப்களுக்குச் சாம்பிளை மட்டும் அனுப்புவது இன்னொரு வழி.

சாம்பிளை அனுப்பினால் நேரம்தான் எமன். ஃப்ளோ டெஸ்ட்டுக்குச் செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நல்லது, 48-ஐத் தாண்டினால் சிக்கல். எங்களுக்கு நடந்தது இது: இன்டக்‌ஷன் முடிந்த நாள் வெள்ளிக்கிழமை, மறுநாளிலிருந்து பொங்கல் விடுமுறை. சாயங்காலம் எடுத்த டியூப் கூரியரில் எங்கோ கிடந்து, நாலு நாள் கழித்து லேபுக்குப் போனது. "செல்கள் சிதைந்துவிட்டன, வேறு சாம்பிள் அனுப்பவும்" என்று பதில். மறுபடி ஊசி, மறுபடி பணம், அடுத்த கட்ட கீமோ தள்ளிப்போனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை; காலண்டரை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். திங்கள் முதல் புதன் வரைக்குள், காலையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒருநாள் முன்பின் ஆனால் பரவாயில்லை என்று டாக்டரே சொல்வார்.

சாம்பிளை நானே பஸ்ல எடுத்துட்டுப் போறேன். ஐஸ்ல வைக்கணுமா?

ஐஸ் கட்டியில் டியூப் நேரடியாகப் படக்கூடாது. உறைந்தால் செல் உடைந்துவிடும். ஒருவர் மீன்கடை ஐஸை வாங்கி, பிளாஸ்க்கில் போட்டு, அதற்குள் டியூபைச் செருகிக்கொண்டு வந்தார். பாவம், அவ்வளவு கவனமாக மடியில் வைத்துக்கொண்டு வந்தது வீணாகிவிட்டது. சாதாரண அறை வெப்பம்தான் ஃப்ளோ சாம்பிளுக்கு வேண்டும். சித்திரை வெயிலில் போகிறீர்கள் என்றால் தெர்மகோல் பெட்டிக்குள் குளிர்ந்த ஜெல் பேக் ஒன்று, நடுவில் துணியோ அட்டையோ, அப்புறம் டியூப். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

சிஎம்எல் பிசிஆர் ரத்தத்துக்கும் தாமதம் கூடாது. அதில் பார்ப்பது ஆர்என்ஏ. அது செல்லைவிடச் சீக்கிரம் அழியக்கூடிய பொருள்.

"முதல் இழுப்பு"ன்னு நர்ஸ் ஏதோ சொன்னாங்க. அது என்ன?

ஊசியைப் போட்டு சிரிஞ்சை முதலில் இழுக்கும்போது வருவது கெட்டியான மஜ்ஜை. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் கலந்துவிடும். பாலில் தண்ணீர் ஊற்றியது மாதிரி. 1 சதவீதத்தைத் தேடும் டெஸ்ட்டுக்கு அது பெரிதில்லை, 0.01 சதவீதத்தைத் தேடும்போது பெரிய வித்தியாசம். அதனால் முதல் இழுப்பின் 2, 3 மி.லி. எம்ஆர்டி டியூபுக்குப் போக வேண்டும். ஃப்ளோவுக்கு பெரும்பாலும் ஈடிடிஏ டியூப், ஊதா மூடி. குரோமோசோம் டெஸ்ட்டுக்கு ஹெப்பாரின், பச்சை மூடி.

இதை நாம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவார்கள். உள்ளே போகும் முன் "முதல்ல எடுக்கறது எம்ஆர்டிக்குத்தானே சார்?" என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும்.

புது லேப்ல, முதல்முதலா எடுத்த ரிப்போர்ட்டைக் கேக்கறாங்க. அது பழசுதானே?

அந்தப் பழசுதான் சாவி. நோய் கண்டுபிடித்த அன்று எடுத்த ஃப்ளோ ரிப்போர்ட்டில் உங்கள் குழந்தையின் புற்றுச்செல் எந்த அடையாளங்களோடு இருந்தது என்று இருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் அங்க அடையாளம் எழுதி வைப்பது போல. கீமோவுக்குப் பிறகு மஜ்ஜை மறுபடி துளிர்க்கும்போது நல்ல இளம் பி-செல்களும் (ஒரு வகை வெள்ளையணு) நிறைய வரும், அவை பார்க்கக் கிட்டத்தட்டப் புற்றுச்செல் மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததில் புற்றுச்செல்லின் அடையாளமும் கொஞ்சம் மாறியிருக்கும். முதல்நாள் குறிப்பு இல்லாமலும் தேர்ந்த லேப் பார்க்கும், ஆனால் இருந்தால் தவறு குறையும். மரபணு வரிசையை வைத்துப் பார்க்கும் டெஸ்ட்களுக்கோ முதல்நாள் சாம்பிள் அல்லது அதிலிருந்து எடுத்த டிஎன்ஏ இல்லாமல் வேலையே ஆகாது.

மருந்து விவரமும் சொல்ல வேண்டும். பிளினாட்டுமோமாப் என்ற மருந்து கொடுத்திருந்தால் சிடி19 என்ற அடையாளமே காணாமல் போகலாம். லேப் அதை வைத்துத்தான் தேடும் என்றால் இருக்கிற செல்லைக்கூட விட்டுவிடும். மைலோமாவில் டாராட்டுமுமாப் என்ற மருந்து சிடி38 என்ற அடையாளத்தை இதே போல மறைக்கும். சாம்பிளோடு லேபுக்குப் போகும் ரெக்விஸிஷன் பாரத்தில் இதற்கு இடம் இருக்கும், பாதி நேரம் காலியாகத்தான் போகும்.

எவ்வளவு ஆகும்? முதலமைச்சர் காப்பீட்டுல வருமா?

ஃப்ளோ எம்ஆர்டி சில ஆயிரங்களில் முடியும். இடத்துக்கு இடம் நல்ல வித்தியாசம் இருக்கும், இரண்டு மூன்று லேபில் விசாரியுங்கள். மரபணு வரிசை டெஸ்ட்கள் இதைவிடப் பல மடங்கு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது சிகிச்சை வாரியாகத் தொகுப்பு தொகுப்பாகப் பிரிந்திருக்கும். நான் பார்த்தவரை கீமோவும் அட்மிஷனும் அதில் ஓடிவிடும், வெளி லேபுக்குப் போகும் டியூபுக்குத்தான் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். எடுத்த பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரிலும் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ஏழை நோயாளி நிதி என்று ஒன்று தனியாக இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள்.

தனியார் பாலிசி இருந்தால், அட்மிஷனுக்கு முன் 30 நாள், பின் 60 நாள் என்று டெஸ்ட் செலவுக்கு இடம் இருக்கும். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பாருங்கள். "சிகிச்சையைத் தீர்மானிக்கத் தேவை" என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் பில்லை அனுப்ப வேண்டாம். அப்புறம் ரயில்: சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் பாரம் வாங்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் இரண்டு வருடம் முழு டிக்கெட் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவைக்குத்தான் பணம் இருக்கு. எப்ப எடுக்கட்டும்?

முடிவு டாக்டருடையது. ஆனால் குழந்தைகளின் ஏஎல்எல்லில் ஒரே ஒரு தடவை என்றால் இன்டக்‌ஷன் முடிவு என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். முன்னே சொன்ன 0.01% கோடு அந்த நாளுக்கானது. அதற்குப் பிறகு வரும் சிகிச்சை கூடுமா குறையுமா என்பது அதை வைத்துத்தான். கடைசியில் வரும் நீண்ட மெயின்டனன்ஸ் கட்டம் ஓடும்போது "மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்று மாதாமாதம் எடுக்கக் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பணத்தைக் காய்ச்சல் வந்தால் ஓடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்துலயே பார்க்க முடியாதா? இடுப்புல குத்தறப்ப புள்ள கதறுது.

டி-செல் வகை ஏஎல்எல்லில் ரத்தமும் மஜ்ஜையும் ஓரளவு ஒரே அளவு காட்டும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவது பி-செல் வகை; அதில் ரத்தத்தில் மிச்சம் பத்து மடங்கு, சிலசமயம் நூறு, ஆயிரம் மடங்குகூடக் குறைவாக இருக்கும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதை நம்ப முடியாது. அதனால் மஜ்ஜைதான்.

கதறாமல் இருக்க வழி கேளுங்கள். மயக்க ஊசி போட்டு எடுப்பது பல இடங்களில் வழக்கம். முதுகுத் தண்டில் மருந்து போடும் அதே நாளில் அதே மயக்கத்தில் இதையும் முடிக்கலாம். என் மகளுக்கு ஊசி பயமே இல்லை. பிளாஸ்டரை உரிப்பதற்குத்தான் வீட்டையே இரண்டாக்குவாள். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு உரிக்க வேண்டும் என்று பக்கத்துப் படுக்கைப் பாட்டி சொல்லிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்ல நெகட்டிவ்னு போட்டிருக்கு. வேற எதையாவது பார்க்கணுமா?

எத்தனை செல் எண்ணினார்கள் என்று பாருங்கள். பல லேப்களில் ஒரே மாதிரி 20 செல்லாவது கூட்டமாகத் தெரிந்தால்தான் "இருக்கிறது" என்பார்கள். 5 லட்சம் செல் எண்ணியிருந்தால் 20 என்பது 0.004%, அந்த நெகட்டிவ் கனமானது. 50,000 செல்தான் கிடைத்தது என்றால் அதே 20 என்பது 0.04%; 0.01% இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. சாம்பிள் நீர்த்துப்போயிருந்தது என்ற குறிப்பு ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். முதல் இழுப்பு பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

நெகட்டிவ்னா குணமாயிருச்சுதானே? மருந்தை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. நெகட்டிவ் என்றால் அந்த டெஸ்ட் எண்ணக்கூடிய எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று மட்டும்தான் அர்த்தம். மஜ்ஜையில் எடுத்தது மூளை, முதுகுத் தண்டில் இருப்பதைச் சொல்லாது. நெகட்டிவ் வந்த குழந்தைகளும் இரண்டு, இரண்டரை வருடம் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள்தான்.

குறைப்பது என்பதை டாக்டர்கள் ஆராய்ந்துதான் செய்தார்கள். பிரிட்டனில் 2003-ல் தொடங்கிய யூகேஏஎல்எல் 2003 என்ற ஆய்வில், எம்ஆர்டி குறைவாக வந்தவர்களுக்கு நடுவில் வரும் கடுமையான கட்டத்தை இரண்டு முறைக்குப் பதில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. கவனியுங்கள், ஒரு கட்டத்தைத்தான் எடுத்தார்கள், சிகிச்சையை அல்ல. சிஎம்எல்லில் மட்டும் மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வழி உண்டு. அதற்கும் பல வருட மாத்திரை, குறைந்தது இரண்டு வருடமாக மிச்சம் மிகமிகக் குறைவாகவே இருப்பது, நிறுத்திய பிறகு முதலில் அடிக்கடி பிசிஆர் என்று நிபந்தனைகள். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப ஏறி, மறுபடி மாத்திரை தொடங்க வேண்டியிருக்கிறது.

பாசிட்டிவ் வந்துருச்சு. அவ்வளவுதானா?

இல்லை. இந்தக் கேள்வியை போனில் கேட்பவர்களிடம் முதலில் எண்ணைக் கேட்பேன். 0.02 சதவீதமும் பாசிட்டிவ், 2 சதவீதமும் பாசிட்டிவ், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பெரும்பாலும் அடுத்து நடப்பது, குழந்தையை மேல் ஆபத்துப் பிரிவுக்கு மாற்றிக் கீமோவைக் கூட்டுவதும், 12-ஆம் வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பதும். அதற்குள் நெகட்டிவ் ஆன குழந்தைகள் நிறைய. அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் மஜ்ஜை மாற்று சிகிச்சை, பிளினாட்டுமோமாப் என்ற பேச்சு வரும். இந்த மருந்தை 0.1 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சம் இருக்கும் பி-செல் ஏஎல்எல்லுக்கு அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2018 மார்ச்சில் அனுமதித்தது. நம் ஊரிலும் கிடைக்கிறது, விலைதான் பல லட்சம்.

அமெரிக்கால க்ளோனோசெக்னு ஒண்ணு இருக்காமே. அதைப் பண்ணினா இன்னும் தெளிவா தெரியுமா?

சியாட்டிலில் உள்ள அடாப்டிவ் பயோடெக்னாலஜிஸ் நிறுவனத்தின் டெஸ்ட் அது. ஏஎல்எல்லுக்கும் மைலோமாவுக்கும் எஃப்டிஏ 2018 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. போதுமான செல் கிடைத்தால் பத்து லட்சத்துக்கு ஒன்று வரை பார்க்கும். முதல்நாள் சாம்பிள் வேண்டும் என்பது இதற்கும்.

ஆனால் நீங்கள் இருக்கும் ப்ரோட்டோகாலில் கோடு 0.01% என்றால், நல்ல ஃப்ளோ லேப் அதைப் பார்த்துவிடும். அதற்குக் கீழே தெரிந்து சிகிச்சையில் என்ன மாறும் என்று டாக்டரிடம் கேளுங்கள். "ஒன்றும் மாறாது" என்றால் கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

தேதி தாண்டிப் போயிருச்சு, கன்சாலிடேஷன் ஆரம்பிச்சாச்சு. இப்ப எடுத்துப் பிரயோசனம் உண்டா?

உண்டு, ஆனால் அதை 29-ஆம் நாள் எண்ணாகப் படிக்கக் கூடாது. கன்சாலிடேஷன் என்ற அடுத்த கட்டத்தில் கூடுதல் கீமோ போன பிறகு வரும் நெகட்டிவ், இன்டக்‌ஷனிலேயே வந்த நெகட்டிவ்வுக்குச் சமம் இல்லை. 12-ஆம் வாரம் எண்ணாக அதை வைத்துக்கொண்டு, முதல்நாள் வெள்ளையணுக்கள், குரோமோசோம் ரிப்போர்ட், ஸ்டீராய்டுக்கு எட்டாம் நாள் ரத்தத்தில் புற்றுச்செல் எப்படி இறங்கியது என்பதையெல்லாம் சேர்த்து டாக்டர் பிரிவை முடிவு செய்வார். எட்டாம் நாள் எண் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடுங்கள், இருக்கும்.

இவ்வளவும் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?

ஓபியில் நூறு பேர் நிற்கும்போது கேட்டால் யாருக்கும் கோபம் வரும். பொங்கல் சாம்பிள் வீணான பிறகு, 12-ஆம் வாரத்துக்கு முன்னால், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் மூன்றே வரி எழுதிக்கொண்டு போனேன்: எந்த நாள், எந்த லேப், முதல்நாள் ரிப்போர்ட் கூடப் போகுமா. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பி முன்பக்கத் தேதியைப் பார்த்தார். மேஜை காலண்டரில் மார்ச் மாதத்தைப் புரட்டி, "வியாழன் வருது, வேண்டாம், செவ்வாய் காலையிலேயே எடுத்துடலாம்" என்று நர்ஸிடம் சொல்லி, அந்தத் தாளை பைலில் குத்தி வைத்தார். இன்னும் அதிலேயே இருக்கிறது.